நீ எடுத்த இரண்டாவது பலாக்கொட்டை

கண்ணு,

அன்றைக்குப் பானைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பலகையில் உட்கார்ந்திருந்த நான், மலையிலிருந்து இறங்கி, வண்டியை அப்போதுதான் வாசலில் நிறுத்திவிட்டு வந்த நீ, உனக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்ற சேலத்துக்காரர்கள் இரண்டு பேர், பத்தடி தள்ளிச் சோற்றுக் குண்டாவை இறக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பொன்னம்மா. உன் அப்பா ரோட்டில் நின்று வண்டிகளை ஓரங்கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார், அதனால் அவரைச் சேர்க்கவில்லை. என் தம்பி, உன் மாமன் தங்கவேலு அங்கே இல்லை. இல்லாதவனையும் வந்தவனாகச் சேர்த்துத்தான் அன்றைக்கு நாம் எண்ணிக்கையை முடித்தோம். இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

ஆறு வருஷமாக நான் உனக்கு எழுதுவதெல்லாம் மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்பதுதான். நீயும் கோயமுத்தூரிலிருந்து ஒவ்வொரு ஆனியிலும் ஒரே வரி எழுதுகிறாய்: இந்த ஆடிக்கும் லீவு இல்லை என்று. பொங்கலுக்குக் கிடைக்கிற லீவு, தீபாவளிக்குக் கிடைக்கிற லீவு, ஆடிப் பதினெட்டுக்கு மட்டும் கிடைக்காது என்பதை நான் நம்புவதுபோல் இருந்தேன். நான் நம்பிவிட்டேன் என்று நீயும் இருந்தாய். போதும். என் இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. ஆவணியில் சேலத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்கு முன்னால் இதை என் கையால் எழுதிவிட வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுதுகிற விஷயம் இல்லை. நாலு நாளாக, மத்தியான வெயில் புழக்கடைக் கதவு வழியாக விழுகிற நேரத்தில் மட்டும் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

முதலில் இருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. காரவள்ளியிலிருந்து மலைக்கு ரோடு வெட்டத் தொடங்கியபோது உன் அப்பா அதில் மேஸ்திரி. பாறைக்கு வெடி வைக்கிற வேலை. ஒருநாள் திரியில் நெருப்பு வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கிய பிறகு வெடி வெடிக்கவில்லை. என்னவென்று பார்க்கக் கிட்டே போய், ஏதோ நினைத்துப் பத்தடி பின்னால் வந்திருக்கிறார்கள், அப்போது வெடித்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு உன் அப்பா மலைமேல் கோயில் கொண்ட அறப்பளீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டார்: வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு, ரோடு எதுவரைக்கும் வெட்டியிருக்கிறதோ அதுவரைக்கும் வண்டியில் வருகிறேன், மிச்சத்தை நடந்து வருகிறேன் என்று. பட்டாளத்திலிருந்து கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. உன் மாமனிடம் அதே மாதிரி இன்னொன்று. ஓவர்சியர் ஒருவர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். அந்த முதல் வருஷம் மூன்றே மூன்று வண்டி, பதினாலு வளைவு. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. உனக்கு எட்டு வயசு. வண்டிக்குப் பின்னால் மூன்றாம் வளைவு வரைக்கும் ஓடிவிட்டு, மூச்சு வாங்க வந்து என் மடியில் விழுந்தாய்.

அப்படித்தான் அது வளர்ந்தது. ரோடு எத்தனை வளைவு ஏறியதோ அத்தனை வளைவு வண்டியும் ஏறியது. அப்பா துண்டுக் காகிதத்தில் 'மோட்டார் சைக்கிள் ஊர்வலம்' என்று எழுதி ராசிபுரம், நாமக்கல் பட்டறைகளில் ஒட்டிவிட்டு வருவார். ஜனங்கள் அதை 'வண்டியேத்தம்' என்றார்கள். லாரிப் பட்டறை ஆட்கள் வந்தார்கள், தபால்காரர் வந்தார், கம்பவுண்டர் ஒருவர் மருந்துப் பெட்டியோடு வந்தார். சோளக்காடு வரைக்கும் ரோடு போய்ச் சேர்ந்த வருஷம், சந்தைக்கு வந்த மலைக்காரப் பெண்கள் மிளகு மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குலவை போட்டார்கள் என்று உன் அப்பா வந்து சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ரோடு வெட்டினவர்களை யாரும் குலவை போட்டு வரவேற்றது அதற்கு முன்னால் இல்லை.

இப்போது நூறு மைலுக்கு அப்பாலிருந்தெல்லாம் வருகிறார்கள். வந்தவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விடிந்ததும் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, விளக்குக் கண்ணாடிக்கு மஞ்சள் பூசி, கைப்பிடியில் வேப்பிலை கட்டி, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பேனே, அது சிலருக்கு. மேலே போனதும் மலைக்காரர் வெட்டி வைக்கும் பலாச்சுளையும் தேனும் சிலருக்கு. ஆயிரம் படி இறங்கி ஆகாய கங்கை அருவியில் தலையைக் கொடுத்து நிற்பது சிலருக்கு. பிறகு அந்த ஆயிரம் படியை ஏறும்போது யார் சொல்லி இங்கே வந்தோம் என்று திட்டிக்கொள்வதும் அவர்கள்தான். எனக்கு என்ன என்று கேள். நான் கீழேயே இருந்தவள். எனக்குச் சத்தம். முதல் வண்டி கிளம்பியதும் மலை அதை வாங்கிக்கொள்ளும். கிழக்கே திரும்பினால் ஒரு சத்தம், மேற்கே திரும்பினால் ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு எத்தனையாவது வளைவு என்று சொல்லிவிடுவேன். யாருடைய வண்டி என்றும் சொல்லிவிடுவேன். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டும்.

மலைமேல் செம்மேட்டு மைதானத்தில் நடக்கும் மெதுவோட்டம் உனக்கு நினைவிருக்கும். கோட்டிலிருந்து கோட்டுக்கு யார் கடைசியாக வருகிறாரோ அவர் ஜெயித்தவர். கால் தரையில் படக்கூடாது, இன்ஜின் நிற்கக்கூடாது. அதில் உன் மாமனை அடிக்க ஆள் இல்லை. தேவனூர் நாட்டுச் சடையன், நமக்குப் பலாப்பழம் கொண்டுவருகிறவர், ஒரு வருஷம் கோட்டோரம் நின்றுகொண்டு கேட்டாராம்: "ஏனுங்க தங்கவேலு, இந்த வெசையில போனா உங்க வண்டி மேல பாகக்காய்க் கொடி ஏறிருமுங்களே?" அதற்கு இவன் தலையைக்கூடத் திருப்பாமல், "ஏறட்டுமுங்க, காய் பறிச்சுக்கிட்டே போயிக்கறேன்" என்றானாம். ஏழு வருஷம் அவன்தான் பரிசுச் சேவலை ஜெயித்துக்கொண்டு வந்தான். அவன் மெதுவாக வருவான், கடைசியில் வருவான், வந்து சேர்ந்துவிடுவான். அது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

பானை வந்த கதை இது. இரண்டாம் வருஷம் எட்டு வண்டி போய் ஏழு வந்தது. எட்டாமவன் பள்ளத்தில் விழுந்துவிட்டான் என்று எல்லோரும் மறுபடியும் மலை ஏறித் தேடினால், அவன் மலைமேல் வளப்பூர் நாட்டில் ஒரு வீட்டில் சாமைச் சோறு தின்றுவிட்டுப் போர்வை போர்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறான். அடுத்த வருஷம் நான்தான் சொன்னேன். பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, காகிதம் வேண்டாம். மேலே போகிற ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு பலாக்கொட்டையை எடுத்து என் பானையில் போட வேண்டும். இறங்கி வந்ததும் தன் கையால் ஒரு கொட்டையை எடுத்துவிட வேண்டும். பானை காலியாகிற வரைக்கும் யாருக்கும் இலை போடமாட்டேன். பசித்தால்தான் ஒருவரையொருவர் தேடுவீர்கள் என்றேன். சிரித்தார்கள், ஆனால் கேட்டார்கள். எடுத்த கொட்டையை எல்லாம் கடைசியில் அவித்து, அதுவும் இலைக்கு வந்துவிடும்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. உன் அப்பா வளைவுகளில் நடுவதற்காக எழுதிக் காயவைக்கும் கல்லையும் பலகையையும் பார்த்துத்தான் எழுத்துப் படித்தேன். நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த சொல் 'மெதுவாக'. எண்ணெல்லாம் வளைவுக் கல்லில் கற்றது. கற்ற பிறகு எதையும் எழுதாமல் விட்டதில்லை. எத்தனை வண்டி போனது, எத்தனை வந்தது, மழையா வெயிலா, யாருக்கு அடி என்று வருஷத்துக்கு ஒரு பக்கம் என் நோட்டில் இருக்கிறது. அந்த வருஷத்துப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: போனது முப்பத்தாறு. வந்தது முப்பத்தாறு. மழை.

அன்றைக்கு நீ முதன்முதலாக அப்பாவின் வண்டியில் ஏறிப் போனாய். பத்தொன்பது வயசு. மழை பிடித்துக்கொண்டது. முப்பத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள், தாழ்வாரத்தில் ஈரத் துணியோடு நின்று குண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு கொட்டை பாக்கி. உன்னுடையது, உன் மாமனுடையது, சேலத்துக்காரர்களுடையது. நீ வரவில்லையே என்று வளைவுப் பக்கமே காதை வைத்திருந்தேன். பிறகு நீ வந்தாய். உன் பின்னாலேயே அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். நீ குனிந்து பானைக்குள் கையை விட்டாய். விடும்போது நாலு இருந்தது. எடுத்தபோது இரண்டு இருந்தது. வாயகன்ற பானை கண்ணு அது, உள்ளே தெரியும். உன் விரலிடுக்கில் ஒன்று, உள்ளங்கையில் ஒன்று. அப்புறம் அவர்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள். பானை காலி.

"என்ன புள்ள, காலியாச்சா? இலை போட்றலாமா?" என்று ரோட்டிலிருந்து உன் அப்பா கத்தினார்.

"ஆச்சுங்க" என்றேன்.

அந்தச் சொல் என்னுடையது. நீ எடுத்தது உன்னுடையது என்றால் அது என்னுடையது. நீ நல்லபடியாக வந்துவிட்டாய் என்ற நிம்மதி ஒரு பக்கம். உன்னை நாலு பேர் முன்னால் நிறுத்தி, "கையை விரி சாமி" என்று சொல்ல மனம் வராதது ஒரு பக்கம். தங்கவேலுதானே, எப்போதும்போல் பின்னால் வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பரிமாறிக்கொண்டே ரோட்டைப் பார்த்தேன். நீ மறுநாள் பரீட்சை என்று, ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு சேலத்துக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய்விட்டாய். சற்று நேரத்துக்கெல்லாம் நாமக்கல் பக்கமாக ஒரு வண்டி நிற்காமல் போகிற சத்தம் கேட்டது. "உங்க தம்பி சோறுகூடத் திங்காம போறாரு பாருங்கக்கா" என்றாள் பொன்னம்மா. "அவனுக்கு வீட்டு நெனப்பு வந்துருச்சு" என்று நானும் சொன்னேன். ஆனால் அது அவன் வண்டிச் சத்தம் இல்லை. என் காதுக்குத் தெரியும். தெரிந்தும், தெரியாத மாதிரி அடுத்த இலைக்கு ரசம் ஊற்றினேன். நாமக்கல்லில் அவன் பெண்டாட்டி, புருஷன் அக்காள் வீட்டில் தங்கிவிட்டான் என்று இருந்தாள். பானை காலி என்றதால் யாரும் தேடவில்லை.

மறுநாள் காலையில் சடையன் பலாப்பழம் சுமந்துகொண்டு இறங்கும்போதுதான் இருபத்தாறாம் வளைவுப் பள்ளத்தில் அவனைப் பார்த்தார். வண்டி வலது கால்மேல் கிடந்தது. பழத்தை அங்கேயே போட்டுவிட்டு, செங்குத்தாக இறங்கும் குறுக்குப் பாதையில் ஓடி வந்து வாசலில் நின்று, "தாயி, உங்க தம்பி உசுரோட இருக்காருங்க" என்றார். எடுத்த எடுப்பில் அப்படித்தான் சொன்னார். அந்த மனுஷன் அந்தச் சொல்லை முதலில் சொன்னதற்காக நான் சாகும்வரை அவருக்குக் கடமைப்பட்டவள். லாரியில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ராத்திரியே கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே சொன்னதை நான் உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். நீயும் அதைச் சுமக்க வேண்டும் என்பதற்காக இல்லை. இந்தக் கடிதத்தில் எதையும் ஒளிக்கக்கூடாது என்று பூஜையறையில் விளக்கேற்றிச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் நீ வந்தபோது வாசலில் வண்டிக்காரர்கள் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். உன் அப்பா அவர்கள் முன்னால், என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துச் சொன்னார்: "பலகையப் பாத்து நாலெழுத்துக் கத்துக்கிட்டா கணக்குத் தெரிஞ்சுருமா? எண்ணத் தெரியாத பொம்பளகிட்ட முப்பத்தாறு உசுரக் குடுத்தது என்ற தப்புங்க." நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் வாய் அசைந்தது. நான் உன்னைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. நீ அதைக் கவனித்தாயா, இல்லை அம்மா அழுகிறாள் என்று நினைத்தாயா, எனக்குத் தெரியாது. நான்தான் உன் வாயை அடைத்தேன் கண்ணு. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் செய்தேன். ஆறு வருஷம் நீ வீட்டுக்கு வராமல் போனதுதான் நடந்தது.

அடுத்த வருஷம் ரோடு ஆபீஸ் குமாஸ்தா காகிதத்தில் பேர் எழுதிக்கொண்டார். மழையில் மை கரைந்து, தபால்காரரும் கம்பவுண்டரும் ஒரே கறையாகிவிட்டார்கள். மறுபடியும் பானை வந்தது. நானே உட்கார்ந்தேன். ஆனால் எனக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை போட்டு உன் அப்பா உட்கார்ந்துகொண்டார், என் எண்ணிக்கையைச் சரிபார்க்க. நாலு வருஷமாக நான் ஒன்று என்றால் அவரும் ஒன்று என்கிறார், நான் இரண்டு என்றால் அவரும் இரண்டு. அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வெயில் பட்டால் என் பக்கம் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் எண்ணுகிறார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு கத்திக் கீறல். அந்த வருஷத்திலிருந்து நான் மலைக்கோயிலுக்கும் போகவில்லை. பானைக்குள் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்ன கண்ணை வைத்துக்கொண்டு சாமி முகத்தை எப்படிப் பார்ப்பது? கீழே இருந்தபடியே கும்பிட்டுக்கொள்வேன்.

போன வெள்ளிக்கிழமை உன் மாமன் பஸ்ஸில் வந்தான். கக்கத்தில் கட்டை ஊன்றி வருவான், தெரியுமல்லவா. பட்டறையில் உட்கார்ந்தபடி வண்டிகளின் பிளக்கும், அதற்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டும் சரி செய்கிறான். அவன் வேலைக்கு அந்தப் பக்கத்தில் ஈடு இல்லை என்கிறார்கள். எனக்கு வேலையில் துணையாக இருக்கட்டும் என்று பலாக்கொட்டைத் தோலை உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான். விரதம் இருந்த வாய், அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். சொன்னேன். உன் கையில் இரண்டு கொட்டையைப் பார்த்தேன், பார்த்தும் காலி என்று சொன்னேன், எண்ணத் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் சொன்னேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் உரிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு மூன்று கொட்டை உரித்தான். முறத்தில் போட்டான்.

"அவன் ஏனுக்கா எடுத்தான்னு உனக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

"நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். அவன் சொன்னான்: "முப்பத்தொண்ணாவது வளைவுல மேக்னெட்டுக்குள்ள தண்ணி பூந்து வண்டி நின்னுபோச்சு. அவன் என்ற கூடவே நின்னுக்கிட்டு, 'மாமா உங்கள உட்டுப்போட்டுப் போகமாட்டேன்'னு ஒரே அடமா நின்னான். 'டேய் மாப்ள, கீழ முப்பது பேரு பட்டினியா நிக்கறானுக, உங்கம்மா பானைய வெச்சுக்கிட்டு ஒரு பருக்கை போடமாட்டா. நீ போயி என்ற கொட்டையையும் சேத்து எடுத்துரு. கா மணி நேரத்துல வாரேன், ஒருத்தருக்கும் சொல்லாத'ன்னு வெரட்டி உட்டேன்."

"அதை ஏண்டா இத்தனை வருஷம் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்க ஊட்டுக்காரர் உன்னய நாலு பேரு முன்னால பேசுனாருன்னு ஆஸ்பத்திரியிலேயே கேட்டேன். அப்பச் சொல்லியிருக்கோணும். காலும் போயி, பேரும் போகோணுமான்னு இருந்துட்டேன். அந்தப் பையன் சொல்லீருவான்னு தெனமும் பாத்துக்கிட்டே இருந்தேன். அவன் சொல்லவே இல்ல." இன்னொரு கொட்டையை எடுத்துக்கொண்டே சொன்னான்: "இன்னொண்ணுங்கக்கா. கொட்டைய எடுத்தாச்சு, ஆளக் காணோம்னா உனக்கு அசிங்கம்னு நெனச்சேன் பாரு. அன்னிக்கு ஒரு நாள்தான் நான் வெசையா ஓட்டுனேன்."

கண்ணு, அவன் அப்படிச் சொன்னதும் நான் அழவில்லை. கோபம் வந்தது. அவன்மேல் இல்லை, உன்மேல் இல்லை, என்மேல்கூட இல்லை. நாம் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மூலையில், தான் மட்டும்தான் காரணம் என்று ஆறு வருஷத்தை வீணாக்கிவிட்டோமே, அந்த ஆறு வருஷத்தின்மேல். 'மாமாதான் எடுக்கச் சொன்னார்' என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்மேல் பாதிப் பழி குறைந்திருக்கும். அதை நீ எனக்குக்கூடச் சொல்லவில்லை. கால் போனவன் தலையில் இதையும் வைக்கக்கூடாது என்றுதானே? அது நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசோடு மறைத்ததும் மறைத்ததுதான். நானும் நல்ல மனசோடுதான் உன்னைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். நாளைக்கு உனக்கென்று ஒரு பெண் வருவாள், பிள்ளைகள் வருவார்கள். அவர்களைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வாயை அடைக்காதே. இது ஒன்றுதான் நான் உனக்குச் சொல்கிற புத்தி. இதை நான் தப்பாகச் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பா வந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரிடம் சொன்னோம். அவர் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, தாழ்வாரத்தில் கிடந்த அந்த இரண்டாவது பலகையை எடுத்துப் பரண்மேல் போட்டார். சாப்பிட உட்கார்ந்ததும், "வண்டியேத்தத்துக்கு நாப்பது பேருக்கு மேல வருவாங்க போல. கண்ணு தெரியுமா உனக்கு?" என்றார். "வலது கண் தெரியுமுங்க" என்றேன். "அது போதும்" என்றார்.

என் முடிவுகளைச் சொல்கிறேன். இதில் மாற்றம் இல்லை. நோட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து, 'வந்தது முப்பத்தாறு' என்பதை அடித்து முப்பத்தைந்து என்று நேற்றே எழுதிவிட்டேன். இந்த ஆடிப் பதினெட்டு விடியற்காலையில், கொட்டை போடுவதற்கு முன்னால், வந்தவர்கள் எல்லோரையும் வாசலில் நிறுத்தி, நடந்ததை என் வாயால் சொல்லப்போகிறேன். ஒருவருடைய கொட்டையை இன்னொருவர் எடுத்தால் என்ன ஆகும் என்பது புதிதாக வருகிற பையன்களுக்குத் தெரிய வேண்டும். அவர்களுக்கு இப்போது இது ஒரு விளையாட்டாகிவிட்டது. பானைக்குள் கையை விடாமல் தூரத்திலிருந்தே கொட்டையை எறிந்து பார்க்கிறார்கள். உன் மாமன் அவன் பங்கை அவன் வாயால் சொல்கிறேன் என்கிறான். உன் பங்கை நான் சொல்லமாட்டேன். அது என்னுடையது இல்லை. நீ வந்தால் நீ சொல், வராவிட்டால் அந்த இடத்தில் நான் சும்மா நிற்பேன். சொல்லி முடித்து, எல்லோரும் ஏறி இறங்கி, பானை காலியான பிறகு, மறுநாள் முதல் பஸ்ஸில் நான் அறப்பளீஸ்வரரைப் பார்க்கப் போகிறேன்.

இன்னொன்று. உன் மாமன் இந்த வருஷம் தானே வண்டி ஓட்டிக்கொண்டு மேலே போகிறான். சிரிக்காதே, நான் முதலில் கேட்டபோது கையிலிருந்த முறத்தால் அடித்தேன். பழைய வண்டியையே சரி செய்து, கியரைக் கையால் மாற்றுகிற மாதிரி பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்தில் தூக்கி வைத்து, ஓரத்தில் மூன்றாம் சக்கரத்தோடு ஒரு பெட்டி கட்டியிருக்கிறான். பட்டறை மைதானத்தில் ஒரு மாதமாக ஓட்டிப் பார்க்கிறானாம். கம்பவுண்டர் பின்னாலேயே வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு சிக்கல். பெட்டி காலியாக இருந்தால் வளைவில் அந்தச் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும். கனமாக ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து, வளைவு வரும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து கொடுக்க வேண்டும். வளைவுகள் எப்படித் திரும்பும் என்று மனப்பாடமாகத் தெரிந்த ஆள். எழுபது வளைவு ஏற, எழுபது வளைவு இறங்க. "என்ற மாப்ளையக் கேட்டு எழுதுக்கா. அன்னிக்குக் கூடவே நிக்கறேன்னு அடம் புடிச்சானல்ல, இப்ப வந்து உக்காரச் சொல்லு. அவன் கொட்டைய அவன் போடட்டும், என்னுதை நான் போட்டுக்கறேன். வரலீன்னா ரெண்டு பலாப்பழத்த உக்கார வெச்சுக்கிட்டுப் போறேன், அது என்னயத் திட்டாது" என்றான்.

எனக்கு அவனைப் பலாப்பழத்தோடு அனுப்ப மனம் இல்லை. லீவு கிடைக்குமா கிடைக்காதா என்று நான் கேட்கவில்லை. வருகிறாயா, இல்லையா என்பதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. ஆடி பத்துக்குள் என் கையில் கிடைக்கிற மாதிரி போடு. பெட்டிக்கு இருக்கை தைக்க உன் மாமனுக்கு அளவு வேண்டுமாம்.

அம்மா